எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட முனுசாமி அண்ணன்

முனுசாமி அண்ணன் நேற்று போய்விட்டார்… புத்தூரிலிருந்து போன் வந்தது. அப்புறம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

புத்தூரில் என் டெய்லர் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தவர். ஈச்ச ஓலைத் துடைப்பம். பிடியில் பெண்களின் சடை மாதிரி ஒரு பின்னல் இருக்கும். அது அண்ணன் வீட்டுப் பின்னல், வேறு யாருக்கும் வராது.

அதைக் கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஓலையை உருட்டி உருட்டி இறுக்க வேண்டும்.

நான் கடை போட்டபோதே அவர் மனைவி உயிரோடு இல்லை. கயிற்றின் நுனியை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத் தனியாக உருட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்தபோது, புத்தூர் ஆந்திராவிலேயே நிற்க, ஓலை வெட்டும் காடு அந்தப் பக்கம் போய்விட்டதாம். ஆந்திராக்காரன் இங்கே வெட்டக் கூடாது என்று விரட்டினார்களாம். அப்பாவும் தம்பியும் காட்டோடு அந்தப் பக்கமே குடி போக முடிவு செய்துவிட்டார்கள்.

"எம் பொண்டாட்டிக்கு ஜுரம்மா. எறங்கட்டும், ரெண்டு நாள் பொறுங்கன்னேன். சொல்லி அனுப்புறோம்னு வண்டி ஏறிட்டாங்க…"

யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா செத்த சேதிகூட யாரோ சந்தையில் சொல்லித்தான் தெரிந்ததாம்.

பல வருஷம் கழித்து அந்தத் தம்பி வந்தார். தலையெல்லாம் நரைத்துப்போய்… ஷெட் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். இவர் நிமிரவில்லை.

"கெளம்புண்ணா. எங்கூட வந்துடு."

"அங்க வந்து இன்னாடா பண்றது?"

"இங்க மட்டும் இன்னா பண்ற? மரத்தோட பேசிக்கினு கீற."

"சொல்லி அனுப்புறோம்னு போனீங்களேடா…"

தம்பி வேப்பமரத்தடிக்குப் போனார். மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். எதிரில் உட்கார்ந்து இழுத்துப் பிடித்தார்.

சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் கட்டினார்கள். நடுவில் ஒரே ஒருமுறை, "இன்னும் இறுக்கிப் புடிடா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. நான் மெஷினை மெதுவாக மிதித்தேன்.

பஸ் வந்தது. தம்பி மட்டும் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கயிறு தரையில் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"நான் புடிக்கட்டுமாண்ணா?"

"வேணாம்மா… இன்னிக்குப் போதும்."

மறுநாள் வழக்கம்போல வேலை நடந்தது. தம்பி மறுபடி வந்து நான் பார்க்கவில்லை.

கடையை மூடிவிட்டு மகளோடு திருப்பதிக்கு வந்த பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். "சாப்ட்டியாம்மா?" என்றார்.

இன்று நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். தம்பி மகன் வந்து கொள்ளி வைத்தானாம். அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பூட்டிய ஷெட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நல்லபடியா போய்ச் சேருங்கண்ணா…