வெந்நீர்க் குழாயைத் திருப்பிய மேதாவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... நான் ஒரு மடையன். இந்தப் பத்தியைப் படித்து நீங்கள் வாராவாரம் சந்தேகப்பட்டதுதான். இப்போது அத்தாட்சியும் கிடைத்துவிட்டது.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆபிஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே துரைமார் கிளப்பில் ஒரு நீச்சல் குளம், பக்கத்திலேயே ஐஸ் மிஷின். அவசரகாலம், ஊரடங்கு, காட்டுக் கொரில்லாக்களுக்குப் பயந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி – எல்லாம் இருக்கட்டும். துரையின் கிளாசில் ஐஸ் இல்லாவிட்டால் சாம்ராஜ்யம் என்ன ஆவது?

குறை ஒன்றே ஒன்று. குளத்துக்கு வருவது மலையோடைத் தண்ணீர். காலையில் இறங்கினால் துரைசாணிக்குக் குளிர்கிறதாம். பாவம்!

போன வாரம் துரை தன் ஊர்ப் பெருமை பேசினார். அங்கே மண்டபத் தரை முழுக்க ஐஸை உறைய வைத்து, அதன்மேல் சறுக்கி விளையாடுவார்களாம். அவ்வளவு ஐஸ் உறைந்தால், அதிலிருந்து எடுத்த சூடு எங்கே போகும்? என் மூளை சும்மா இருக்குமா?

"துரை, நம்ம ஐஸ் மிஷின் சூட்டை வாங்கிட்டு வெளியே வர்ற தண்ணி கொதிக்குது. லயத்துப் பக்கம் கால்வாயில வீணாப் போகுது. குழாயைக் குளத்துக்குத் திருப்பிட்டா ஒரே எஞ்சின்தான் – இங்கே ஐஸ், அங்கே வெந்நீர்!"

துரை என் முதுகில் தட்டினார். அன்று நான் சட்டையைக் கழற்றவே இல்லை.

குழாய் திரும்பியது. துரைசாணி சிரித்தார். நேற்று விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பால்வெட்டும் அஞ்சலை, கைக்குழந்தையோடு என்னை மறித்தாள்.

"கிராணியாரே, குழாயைத் திருப்புனது நீங்கதானா?"

"நானேதான்!" என்றேன். பாராட்டப் போகிறாள் என்று நினைப்பு.

"பிள்ளைக்கு ஒரே சளி. பச்சைத் தண்ணியிலதான் குளிப்பாட்டுறேன்."

"வெந்நீர் வைக்கக் கூடாதாம்மா?"

"விறகு வேலிக்கு அந்தாண்ட கிடக்கு. வேலி கேட்டைத் தொறக்குறதே பெரட்டு நேரத்துலதான். நான் பால் வெட்டப் போனப்புறம் அடுப்பு மூட்ட நீங்க வர்றீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் விசாரித்தேன். லயத்துக் குழந்தைகள் எல்லாம் குளித்தது அந்தக் குழாய்த் தண்ணீரில்தானாம். நான் வீண் என்று சொன்னது இதைத்தான்! கிளப் வராந்தாவில் நின்று பார்த்தால், கால்வாய் மட்டும்தானே தெரியும்?

இனி துரையிடம் போய், 'நான் முட்டாள்' என்று சொல்ல வேண்டும். தட்டின கை சும்மா இருக்குமா? ஆகவே இழுத்தேன்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா... குளம் இப்பத்தான் இதமா இருக்கு."

அஞ்சலை குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப நாளைக்குப் பிள்ளையைக் குளத்துக்கே தூக்கிட்டு வரேன்."