போனுக்குள்ள இருக்கிற அம்மா

அதத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன் ராணி, நேத்து என் பேரன் விடியிற வரைக்கும் தூங்கினான்! பக்கத்து வீட்டுலருந்து நீயும் சுவத்தத் தட்டலையே? பாவம், மூணு வயசுப் புள்ள போடுற கூச்சல்ல ஒனக்கும் தூக்கம் போச்சு. எங்க மடுல்கெல்ல தேயிலத் தோட்டத்துல, ஒரே வரிசையா ஒட்டியிருக்கிற லயத்து வீட்டுல, ராத்திரி ஒரு புள்ள வீல்னு கத்தினா அடுத்த காம்பரா சனமெல்லாம் எழும்பி வந்துரும். ஒருத்தி திருநூறு பூசுவா, ஒருத்தி மொளகாயும் உப்பும் சுத்திப் போடுவா, ஒருத்தி சும்மா வேடிக்க பாக்க வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவா. இந்தக் கட்டுகஸ்தோட்டையில சுவருதான் பேசுது. கோவிச்சுக்காத, சும்மா சொன்னேன்.

மக குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதும் இவனத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன்ல? இவன் தூங்கப் போற நேரத்துலதான் அவளுக்கு அங்க கொஞ்சம் கை ஒழியும். போன்ல மொகத்தக் காட்டுவா. இவன் முத்தங் குடுத்துக் குடுத்து போனெல்லாம் எச்சி. எனக்கு அதுல அவ்வளவு சந்தோசம். அம்மா எங்கன்னு கேட்டா, "இந்தா, இதுக்குள்ள இருக்கா"ன்னு காட்டுவேன். பேசி முடிஞ்சதும், கீழ போட்டு ஒடச்சிருவான்னு போன அலுமாரியில வச்சுப் பூட்டிருவேன். நடுச்சாமத்துல அலறிக்கிட்டு எழும்புவான். ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும். நேரா ஓடி அலுமாரிக் கதவ நகத்தால பிறாண்டுவான். ஆத்தங்கர முனிதான் அடிச்சிருச்சுன்னு கயிறு கட்டினேன், தலமாட்டுல பாக்குவெட்டி வச்சேன். ஒண்ணும் கேக்கல.

கிளினிக்குல ஒரு சிங்கள டாக்டரம்மா, நோனான்னுதான் கூப்பிடுவோம். "அம்மே, இந்த வயசில பிள்ளைக்கி கனவு எது, நெசம் எது தெரியாது. அம்மாவப் பிரிஞ்ச பயம் எல்லாம் ராத்திரிக்கித்தான் வரும்"னாங்க. "இல்லீங்க நோனா, இது முனி"ன்னேன். "முனி யாரு, பிள்ளையோட தாத்தாவா?"ன்னு கேட்டாங்க பாரு, எனக்குச் சிரிப்புத் தாங்கல. அப்பறம் இவன்கிட்டயே கேட்டாங்க, கனவுல என்னா பாத்தேன்னு. "அம்மாவப் பூட்டிட்டாங்க. உள்ள இருட்டு. அம்மா அழுவுது"ன்னான். என் சிரிப்பு அங்கனயே நின்னுருச்சு. சாவி என் முந்தானையிலதான் முடிஞ்சிருந்துச்சு.

படுக்கப் போறப்ப போன் காட்டாதீங்க, பகல்ல பேசட்டும்னாங்க நோனா. பகல்ல அவளுக்கு ஏது போன்? அந்த அரபி வீட்டுக்காரி வாங்கி வச்சுக்குவா. மககிட்டச் சொன்னேன். "நான் அவனப் பாக்குறதே அந்தக் கொஞ்ச நேரந்தானேம்மா"ன்னா. அப்பறம் அவளே, "சரி, புள்ள தூங்கட்டும். தூங்கினதும் எனக்குக் காட்டு"ன்னா.

நேத்து அப்படித்தான் காட்டினேன். மூச்சு விடாம பாத்துக்கிட்டே இருந்தா. "காலக் காட்டும்மா, வளந்திருக்கானா?"ன்னு கேட்டா. அந்நேரம் அங்க அவ வேல பாக்குற வீட்டுப் புள்ள என்னத்தக் கனாக் கண்டுச்சோ, வீறிட்டுக்கிட்டு எழும்பிருச்சு. போனக் கையில வச்சுக்கிட்டே ஓடி, அதத் தோள்ல போட்டு நம்ம தாலாட்டப் பாடுறா ராணி! அரபிப் புள்ள தமிழ்த் தாலாட்டுல அடங்குது. இங்க இவன் தூக்கத்துலயே பாட்டு வந்த பக்கம் மொகத்தத் திருப்பினான். ஒதடு அசஞ்சுச்சு. முழிச்சா தேடுவானேன்னு போன அமத்திட்டேன். அங்க அவ பாடிக்கிட்டுத்தான் இருந்திருப்பா...

இந்தா, பைப்புல தண்ணி வந்துருச்சு. நின்னுரும் ராணி, கொடத்த எடு.