ஒரு அளவு பெரிசாக

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டிலுள்ள எல்லோருடைய ஷூவையும் கழுவுவது பஸ் டிரைவரின் வேலை. வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கைக்கு பிரஷ் பிடிப்பதுதான் ஓய்வு என்பார். அன்று குளியலறையில் குந்தி உட்கார்ந்து, தையல்காரி மனைவியின் புது ஷூவைப் பையிலிருந்து எடுத்துக் கவிழ்த்தார். சொளசொளவென்று தண்ணீர் கொட்டியது.

"ஏரியில பாதியை வீட்டுக்கே கொண்டாந்துட்டியேம்மா!"

"அந்தத் தண்ணிதாங்க என்னைத் தள்ளி விட்டுச்சு," என்றாள் வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த தையல்காரி.

அவர் முகம் வாடிவிட்டது. அந்த ஷூவை அவளுக்குத் தெரியாமல், ஆசை ஆசையாகப் போய் வாங்கி வந்தவர் அவர்தான். தண்ணீர் விளையாட்டுக்காரர்கள் போடுகிற, மெத்மெத்தென்ற நியோப்ரீன் ரப்பர் ஷூ. வழக்கம்போல ஒரு அளவு பெரிசாக.

அந்த வீட்டில் எதையுமே சரியான அளவில் வாங்கியதில்லை. டிரைவரும் கூடவே இருந்த அவருடைய அக்காவும் சேர்ந்து வைத்திருந்த சட்டம் அது. மழைக்கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் பொது. யார் முதலில் வெளியே கிளம்புகிறார்களோ அவர்களுக்கு. தையல்காரிக்கு இது புதிதும் அல்ல. மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். இரண்டு அக்காக்களின் காலைப் பார்த்த ஷூதான் அவளிடம் வரும், நுனியில் காகிதம் திணித்து. கல்யாணத்தன்று போட்ட செருப்பும் நடக்கும்போது தனியாகத் தாளம் போட்டது. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊரார் உடுப்பைப் பிடித்துத் தைத்துக் கச்சிதமாக்குவாள். மாலையில் தொளதொளவென்ற கோட்டுக்குள் புகுந்து வீடு திரும்புவாள்.

"அம்பது தாண்டின காலு இனிமே எங்க அண்ணி வளரப்போகுது?" என்று நாத்தனாரிடம் ஒருமுறை கேட்டாள்.

"உடம்பு பெருத்தா கால் மட்டும் சும்மா இருக்குமா?" என்றாள் அண்ணி.

ஏரிக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஊசிதான். கிழிந்த பாய் ஒன்று தைக்க வந்தது. ஏரியில் பலகைமேல் நின்று சவாரி போவார்களே, காற்றைப் பிடித்து அந்தப் பலகையை இழுத்துப் போகிற பாய். தைத்துக் கொடுக்கப் போனவளிடம், "உங்க தையல் தாங்குதான்னு நீங்களே பிடிச்சுப் பாருங்க," என்றாள் அங்கே கற்றுக்கொடுக்கிற பெண். பலகைமேல் ஏறினாள். காற்று பாயை வெடுக்கென்று இழுத்தது. ஓர் அறையின் நீளம் போயிருப்பாள், தொப்பென்று விழுந்தாள். வாயில் தண்ணீரோடு சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை.

வெறுங்காலோடுதான் ஆரம்பித்தாள். வழுக்காமலிருக்கப் பலகையின் மேல்பக்கத்தை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக வைத்திருந்தார்கள், பாதம் எரிந்தது. கரையோரச் சிப்பி வேறு கீறியது. அப்போது வந்ததுதான் டிரைவரின் பரிசு. போட்டு ஏறினால் உள்ளே தண்ணீர் புகுந்துகொண்டு, கால் ஒரு பக்கம் திரும்ப ஷூ தன் பாட்டுக்கு நின்றது. அடுத்த ஞாயிறு பரீட்சை. விழாமல் மஞ்சள் மிதவையைச் சுற்றி வருகிறவர்களுக்குக் கோடை முழுக்கத் தனியாகப் பலகை எடுத்துப் போக அனுமதி. மற்றவர்கள் அடுத்த வருஷம்தான்.

"நான் இந்த வருஷமே போகணும்," என்றாள் குளியலறை வாசலில் நின்ற தையல்காரி. டிரைவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மறுநாளே இருவரும் கடைக்குப் போனார்கள்.

"காஞ்சிருக்கும்போது இறுக்கமாத்தான் இருக்கணும், நனைஞ்சா இளகும்," என்றாள் கடைப்பெண். "விரல் மடங்காம இருந்தா சரி. அடிப்பாகம் மெலிசா எடுங்க. தடிமன் குளிருக்கு நல்லதுதான், ஆனா பலகை எந்தப் பக்கம் சாயுதுன்னு காலுக்குத் தெரியாது."

டிரைவர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் மண்டியிட்டு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். "இடமே இல்லையேம்மா! இதுல அக்கா கால் எப்படி நுழையும்?"

தையல்காரி குனிந்து, வாடிக்கையாளர் இடுப்பில் துணியைப் பிடித்துப் பார்ப்பாளே, அதுபோலக் குதிகாலில் கிள்ளிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் சிக்கவில்லை.

"நுழைய வேணாங்க. இது எனக்கு மட்டும்."

டிரைவர் கடைப்பெண்ணைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

பரீட்சையன்று நல்ல காற்று. மிதவை வரை போவது பெரிய விஷயமில்லை. திரும்புகிற இடத்தில்தான் எப்போதும் விழுவாள். அங்கே பலகை இடப்பக்கம் சாய ஆரம்பித்ததைக் கண் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கால் சொன்னது. சின்னச் சின்ன அடியாக வைத்துப் பாய்மரத்தைச் சுற்றி வந்தாள். ஷூவும் கூடவே வந்தது. பாய் மறுபக்கம் உப்பியது. கரையில் டிரைவர் விரலை வாயில் வைத்து விசிலடித்து, "போலாம் ரைட்!" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னொரு விசிலும் அடித்தார்.

அன்று மாலை குளியலறையில் ஷூவைக் கவிழ்த்தால் நாலு சொட்டு விழுந்தது. சத்தம் கேட்டு அண்ணி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே ஒன்றை மாட்டினாள். விரல்கள் போயின, குதிகால் போகவில்லை. கழற்றுவதற்குத் தம்பியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

"யாருக்குமே ஆகாத ஷூவைத் தேடிப்பிடிச்சு வாங்கியிருக்கீங்க ரெண்டு பேரும்!"

"எனக்கு ஆகுது அண்ணி."

அண்ணியின் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே பழைய பெரிய ஜோடி, ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்தது. எடுத்து மாட்டினாள். எழுந்து நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்து குதிகாலில் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் சிக்கவில்லை.

"அண்ணி, வீட்டுக்குள்ள உங்களுக்கு எதுக்கு ஏரி ஷூ?"

அண்ணி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொப் தொப்பென்று நடந்து வெளியே போனாள்.