அம்மாவின் கைத்துப்பாக்கி

ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவைப் போல ஒரு கோழை மலாக்காவிலேயே கிடையாது என்று நான் உறுதியாக நம்பினேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது.

அரிசி கிடைக்காததால், காஜா பெராங்கில் பலரையும் போல நாங்களும் புக்கிட் பாருவுக்கு அப்பால் காட்டை ஒட்டி மரவள்ளி போட்டிருந்தோம். அப்பா வேலை செய்த ஜப்பான்காரன் பட்டறையில் அவருக்கு லீவு கிடைக்காது. கிழங்கு தோண்டப் போவது அம்மாதான். ஒருநாள் பக்கத்துக் கொல்லைச் சீனப் பெண்ணின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்துப் போட்டது.

சேதி கேட்டு அம்மாவின் தம்பி வந்தார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடியபோது விட்டுப்போன இரண்டு கைத்துப்பாக்கிகளைச் சாக்கிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார்.

"சின்னது மறைக்க லேசு. ஆனா பன்னிக்கு அது கொசுக்கடிதான்லா, அக்கா. பொதருக்குள்ளேருந்து காலடிக்கே பாயும். பெரிசுதான் சாய்க்கும். என்ன, கை உதறும்."

அம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். பெரியதை இரு கைகளாலும் பிடித்துச் சுவரை நோக்கி நீட்டினாள். கை ஆடவில்லை.

"இதுவே இருக்கட்டும்," என்றாள். மாமா சின்னதையும் எங்களிடமே விட்டுப் போனார்.

மாலையில் அப்பா பார்த்துவிட்டு வெளிறிப் போனார்.

"வீட்டுல இது இருந்தா தலைய வெட்டிடுவான். தெரியாதா உனக்கு?"

"பன்னி குத்தினா மட்டும் தலை நிக்குமா?"

மறுநாள் அம்மா கிணற்றடியில் இருந்தபோது அப்பா இரண்டையும் கூடையில் போட்டு, மேலே மரவள்ளித் தழையை அமுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டினார். என்னைத் தூக்கி முன்கம்பியில் உட்கார வைத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அம்மா பார்த்துத் தேர்ந்த பொருளை அவளிடம் கேட்காமல் தூக்கிப் போக இவர் யார்? நாளைக்குப் பன்றி வந்தால் இவரா நிற்பார்? வழியெல்லாம் அழுதேன். முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் நின்றான். அப்பா இறங்கி இடுப்பு ஒடியக் குனிந்தார். அந்தப் பணிவு என் கோபத்தை இன்னும் மூட்டிவிட்டது.

"அது அம்மாவோட துப்பாக்கி! திருடிட்டுப் போறாரு!" என்று சிப்பாயிடமே கத்தினேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. மூக்கு ஒழுக நான் அலறியதைப் பார்த்துச் சிரித்தான். கூடையைத் தொடாமல் போகச் சொல்லிக் கையசைத்தான்.

சிப்பாய் மறைந்த பிறகும் அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சைக்கிள் அங்குமிங்கும் ஆடியது. "அழு பாப்பா, நல்லா அழு," என்றார். என்ன மனிதர் இவர் என்று நினைத்தேன். செமாபோக் பக்கத்துச் சேற்றில் இரண்டும் மூழ்கின.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிப்பாய் சிரித்ததைச் சொன்னதும் அவள் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவரை அவள் தொட்டுச் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை.

"மனுஷனாய்யா நீ? எப்படிய்யா மனசு வந்துச்சு?"

அப்பா தலை குனிந்து நின்றார். "கொழந்தை கூட இருந்தா சோதிக்க மாட்டான்னு…" என்று ஏதோ முனகினார்.

"நல்லாக் கேளும்மா!" என்று நான் குதித்தேன். அம்மா என்னை இழுத்து மூச்சு முட்ட அணைத்துக்கொண்டு, உடல் குலுங்க அழுதாள்.

துப்பாக்கி போன துக்கம் என்று நினைத்து, "விடும்மா, மாமா வேற கொண்டு வருவாரு," என்று அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.