டயர் கடை வாசலில் சராசரி

என் அக்கா புருஷனுக்கு அலுவலகத்தில் 'சராசரி' என்று பெயர். குடிநீர் வாரியத்தில் புள்ளியியல் வேலை. அடுத்த மாதம் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணிக்க அவரே ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறார். அதற்குள் ஒன்பது கணிப்பு மாதிரிகள். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. பழைய கணக்கோடு எது எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதற்கு அவ்வளவு எடை கொடுத்து, ஒன்பதையும் கலந்து ஒரே விடையாக்கிவிடுவார். தண்ணீர் விஷயத்தில் மனிதர் கில்லாடி, மறுப்பதற்கில்லை.

வீட்டில்தான் வம்பு. "இந்தப் புடவையா, அந்தப் புடவையா?" என்று கேட்டால், "பச்சைக்கு அறுபத்திரண்டு சதவீதம்" என்பார். பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து அவருக்குச் செய்தி அனுப்பினாள்: "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன். வடக்கு ஸ்டேஷனா, தெற்கு ஸ்டேஷனான்னு சொல்லமாட்டேன். நீங்களே ஒரு முடிவு பண்ணி வந்து நில்லுங்க. இல்லன்னா அடுத்த வண்டியிலேயே திரும்பிடுவேன்."

துணைக்கு நான் போனேன், அதாவது பெட்டி தூக்க. வடக்கில் இறங்கினோம். மாமாவைக் காணோம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "திரும்பிப் போக டிக்கெட் எடுடா" என்றாள் அக்கா. எனக்கு வந்த கோபத்தில் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"டயர் கடை வாசல்ல."

"அங்க என்ன வேலை?"

"வடக்குக்கு அம்பத்தஞ்சு, தெற்குக்கு நாப்பத்தஞ்சு வந்துச்சு மச்சான். ரெண்டு ஸ்டேஷனும் ஒரே ரோட்டுலதானே இருக்கு? எடை போட்டுச் சராசரி எடுத்தா இந்த இடம்தான் வருது. கடைக்காரர் பஞ்சரான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு."

தண்ணீர்க் கணக்கைக் கலக்கலாம். ரயில் நிலையத்தைக் கலக்கினால் எந்த வண்டியும் வராது. இது அவ்வளவு படித்தவருக்கு உறைக்கவில்லை.

அக்கா போனைப் பிடுங்கினாள். "நான் எந்த ஸ்டேஷன்ல இருக்கேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தப்பானாலும் பரவால்ல."

மறுமுனையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தெற்கு" என்றார் மாமா.

"கணக்கு வடக்குன்னுதானே சொல்லுச்சு?"

"சொல்லுச்சு. எனக்கு என்னமோ தெற்குன்னுதான் தோணுது."

கல்யாணமான நாளிலிருந்து மனிதர் முழுசாகச் செய்த முதல் தப்பு அதுதான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கேயே போய் நில்லுங்க, வந்துட்டேன்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "என்னடா முழிக்கிற? தெற்குக்கு ரெண்டு டிக்கெட் எடு."