இலத்தூரில் ஒரு கை, கனடாவில் ஒரு கை

பக்கவாதம் வந்தவர்களை வீடு தேடிப்போய் நடக்கவும் சாப்பிடவும் பழக்குகிற பிசியோதெரபி வேலையில், நோயாளியின் கையைக்கூட அசைத்துவிடலாம். அவரைச் சுற்றி நிற்கிற பாசத்தை அசைக்க முடியாது. வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் கரண்டி

இலத்தூர் அண்ணாச்சி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் அவருடைய வலது கையைக் கட்டிப்போட்டுவிட்டது. நான் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் பாதி கரைந்து நிற்கும். உள்ளே மதினி இட்லியைப் பிய்த்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருப்பார். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தியில் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி ஊட்டுவதற்குப் பதில், அறைக்குள்ளேயே கிடந்துவிடுவேன் என்றார் அண்ணாச்சி.

நான் மெதுவாக ஒரு கரண்டியை அவருடைய இடது கையில் வைத்தேன். அது சுவரில் போய் மோதி விழுந்தது.

“ஏலே, பீச்சாங்கையால சோறு திங்கச் சொல்லுதியா? உன்னைய யாருலே படிக்க வச்சது?”

ஓரமா வச்சிரு

அண்ணாச்சியின் தம்பி கனடாவில் தனியாக இருக்கிறார். அவருக்கும் அதே வாதம், அதே வலது கை. ஒரு சாயங்காலம் வீடியோவில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது, ஜன்னல் முழுக்கப் பனி. மெல்ல நடந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். குளியலறைச் சுவரெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க நாற்காலி, விழுந்தால் ஆளைக் கூப்பிடக் கழுத்தில் ஒரு பொத்தான். பிறகு போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து முட்டையைக் குத்திச் சாப்பிட ஆரம்பித்தார். அண்ணாச்சி கண்ணை எடுக்கவில்லை.

இங்கே பின்னால் மதினியும் மகளும் பக்கத்து வீட்டு அக்காவும், யாருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டோம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கூச்சப்பட்டு போனை அணைக்கப் போனார்.

“அணைச்சிராதண்ணே, அங்கன ஓரமா வச்சிரு. மதினி ஏசுத சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சாப்புடுதேன். இங்கன பிரிட்ஜ் சத்தம் மட்டுந்தான்.”

அருவிக் கம்பி

ஐந்தருவித் தண்ணீர் விழுந்தால் செத்த கையும் எழும்பும் என்று யாரோ சொல்ல, என்னிடம் கேட்காமலே எண்ணெய் தேய்த்து அண்ணாச்சியைக் காரில் ஏற்றிப் போய்விட்டார்கள். பதறிப்போய்ச் சேர்ந்தேன். சாரல் எல்லாரையும் வெள்ளையாகப் போர்த்தியிருந்தது. மனிதர்கள் கனவில் வருகிறவர்கள் மாதிரி வந்து மறைந்தார்கள். உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணாச்சி ஓரமாகவே நின்றார். தாங்கியவர்களை உதறிவிட்டு, குளிக்கிறவர்களுக்காகப் போட்டிருக்கும் கம்பியை இடது கையால் பிடித்தார். யாரும் தொடாமல் அவர் நின்று நான் அன்றுதான் பார்த்தேன்.

“தம்பிக்குக் குளியல் ரூமுக்குத்தாம்லே கம்பி. நமக்கு அருவிக்கே போட்டிருக்கான்.”

பந்தி

கல்யாணத்தன்று அண்ணாச்சி சம்பந்திக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலைக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்தபடி போன்; அதில் தம்பி. அங்கே நடுச்சாமம், ஆனாலும் புதுச்சட்டை போட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். “ஆரம்பிண்ணே,” என்று இடது கையால் ஒரு வாய் எடுத்தார்.

மதினியின் கை பழக்கத்தில் இலைக்கு நீண்டது. அண்ணாச்சி அதை ஒதுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தார். சாம்பார் சோறு வேட்டியில் கொஞ்சம், வாயில் கொஞ்சம். சம்பந்தி தன் இலையைப் பார்க்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசவாளியோடு வந்தவர் அந்த இடது கையைக் கண்டு திகைத்து நின்றுவிட்டார்.

“என்னலே பாக்க? இதுவும் எங்கம்மா பெத்த கைதாம்லே. ஊத்து.”

எந்த நாட்டில் வாதம் வந்தால் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கேயும் வராமலிருப்பது நல்லது, வந்துவிட்டால் ரசம் ஊற்றுகிறவர் எந்தக் கையைக் கண்டும் திகைக்காதவராக அமைய வேண்டும்.