நாயனக்காரர் வாய்க்குக் கட்டிய துணி

வெள்ளை வேட்டியில் கிழித்த ஒரு முழத் துண்டு, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பிரிந்து போகாமலிருக்க அக்கா அதன் ஓரத்தைச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். அந்தத் துணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வாவிக்கரை ஊர்களில் சளிக்காய்ச்சல் வீடு வீடாக ஏறி இறங்கிய வருடம் அது.

அக்காவின் கணவர், என் அத்தான், எங்கள் பிள்ளையார் கோவிலில் நாதஸ்வரம் ஊதும் நாயனக்காரர். அவருக்கு நான்தான் தவில். திருவிழா முடிகிற தீர்த்தத்தன்று சுவாமி வாவியில் இறங்கி முடியும்வரை நாயனம் அறுபடக் கூடாது. அறுந்தால் ஊருக்கே கேடு என்று நம்பினார்கள். இருபது வருடமாக அத்தான் அதை அறுபடாமல் காத்து வந்தவர்.

அந்த வருடம் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டாத எவரும் கோவில் வளவுக்குள் வரக்கூடாது என்றார். கோவிலை நடத்தும் வண்ணக்கர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அத்தான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் கேட்டார்.

"ஐயா, நான் வாயால ஊதுறவன். துணியக் கட்டினா எப்பிடி ஊதுற?"

"நடுவில ஓட்டை போட்டு அதுக்குள்ளால ஊது."

"ஓட்டை போட்டா காத்து வெளிய வரும்தானே ஐயா. பிறகு துணி என்னத்துக்கு?"

"சட்டம் எண்டா எல்லாருக்கும் சட்டம்தான். கட்டாட்டி ஊதாத" என்று சொல்லிவிட்டு, பரிசோதகர் தன் துணியைத் தாடைக்கு இறக்கி, வெற்றிலைச் சாற்றைக் கோவில் மதிலோரம் துப்பினார். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நூற்றுக்கணக்கான சனம் ஒரே தண்ணீரில் முங்கி, வாய் கொப்பளித்து எழும்பப் போகிறதே, அதற்கு ஒரு சட்டமும் இல்லை. ஊதுகிறவன் மூச்சுத்தான் அவருக்குப் பெரிய கண்டமாகத் தெரிந்தது.

காலை வெயிலில் ஊர்வலம் கரையை அடைவதற்குள் துணி எச்சிலிலும் வியர்வையிலும் நனைந்து அத்தானின் மூக்கோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது உள்ளே போனது. கண்கள் பிதுங்கின. சுவாமி தண்ணீரில் கால் வைக்கிற நேரம் பார்த்து நாயனம் அறுந்தது. அத்தான் முழந்தாளிட்டு விழுந்தார். நான் தவிலை விட்டுவிட்டு அந்தத் துணியைப் பிய்த்தெறிந்தேன்.

அடுத்த கிழமை ஊரில் காய்ச்சல் மும்முரமானது. இரண்டு பிள்ளைகள் செத்தன. வாவித் தண்ணீரை ஒருவரும் குறை சொல்லவில்லை, நாயனம் அறுந்ததைத்தான் சொன்னார்கள். அத்தான் தெருவில் போனால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பாவியும் யோசிக்கவில்லை.

கடைசியில் கோவிலில் கூட்டம் கூடியது. பரிசோதகரையும் அழைத்திருந்தார்கள். "இவர் சொல்லித்தான் கட்டினன்" என்றார் அத்தான். பரிசோதகர் சிரித்தார்.

"ஊதுறவனை வாயைக் கட்டச் சொல்ல எனக்கென்ன விசரா?"

கூட்டமே சிரித்தது. எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான் அந்த மனிதன். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கேட்டதையும் பரிசோதகர் சொன்ன பதிலையும் பக்கத்தில் நின்று கேட்டவன் நான் ஒருவன்தான்.

நாயனத்துக்கு வேறு ஆள் வந்தாலும் தவிலுக்கு நீதான் என்று வண்ணக்கர் கூட்டத்துக்கு முதல்நாளே எனக்குச் சொல்லியிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.